முந்நூறு நொண்டிக் குதிரைகள்

பன்னிரண்டு வருஷம் நாங்கள் மேஜர் பெட்டிஃபரிடம் பொய் சொன்னோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தக் காலத்தில் ரிச்மண்ட் ஆற்றங்கரையில் குதிரை வைத்திருந்தவன் எவனும் அதைப் பொய் என்றே நினைக்கவில்லை.

மேஜர் எங்கள் குதிரைப் படையின் கால்நடை மருத்துவர். எங்கள் படை கொஞ்சம் விசித்திரமான படை. சர்க்கார் துப்பாக்கி கொடுக்கும், பூட்ஸ் கொடுக்கும், தொப்பியில் செருக ஈமுக் கோழி இறகுகூடக் கொடுக்கும். குதிரை மட்டும் கொடுக்காது. அதை நீதான் வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வர வேண்டும். வருஷம் முழுக்க மாடு கறக்கிறவன் முகாம் நாளில் சொந்தக் குதிரையில் ஏறி வந்து வீரனாவான். குதிரையை மேஜர் பார்த்து, 'தேறியது' என்று எழுதினால் நீ வீரன். 'தேறவில்லை' என்று எழுதினால், சேணத்தைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே போக வேண்டியதுதான். ஊர் முழுக்கச் சிரிக்கும்.

ஆகவே எல்லாக் குதிரையும் எப்படியாவது தேறியது. கிழட்டுக் குதிரையின் பல்லை அரத்தால் ராவி இளசாக்கினோம். குட்டைக் குதிரையை மேட்டில் நிறுத்தி, அளக்கிறவரைப் பள்ளத்தில் நிறுத்தினோம். தூங்குமூஞ்சிக் குதிரைக்கு வாலடியில் இஞ்சி. ஒற்றைக் கண் குதிரை ஒன்று இருந்தது; ஒன்பது வருஷம் அதன் குருட்டுக் கண் வேலிப் பக்கமாகவே நின்றது. என் கூட்டாளி டின்னி ஃபோய்ல் ஒரே குதிரையை இரண்டு தடவை தேற வைத்தவன். முதல் தடவை தன் பெயரில். அரைமணி கழித்து, அதன் நெற்றியில் மைதா மாவால் வெள்ளை நட்சத்திரம் வைத்து, மைத்துனன் பெயரில். மழை தூறாமல் இருந்திருந்தால் மூன்றாவதும் போயிருப்பான்.

என் குதிரைக்கு இந்த வித்தை எதுவும் தேவைப்பட்டதில்லை. அவள் பெயர் மேடம். செம்பழுப்பு நிறம், நெஞ்சு அகலம், நடையில் ஒரு கௌரவம். கால்நடைச் சந்தையில் அவளைப் பார்த்தபோது என்னைத்தான் அவள் விலை பேசுவது போலப் பார்த்தாள்; அதனால் அந்தப் பெயர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று டின்னி சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும். என் காக்கைக் குஞ்சு நிஜமாகவே பொன். ஆனாலும் ஊரோடு ஒத்து வாழ வேண்டுமே என்று நானும் ஒரு பொய் சொல்லி வந்தேன். நாலு வருஷமாக அவளுக்கு வயது ஆறு.

நாற்பத்திரண்டாம் வருஷம் மார்ச் மாதம். சிங்கப்பூர் விழுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, நாட்டின் வடகோடியில் டார்வின்மேல் எதிரி விமானங்கள் குண்டு போட்டிருந்தன. எங்களைப் பந்தயத் திடலில் கூட்டி வைத்து, ஆகாயத்தில் விமானம் வந்தால் குதிரைகளை மரத்தடியில் ஒளிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒளித்தோம். விமானத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தவன், "குதிரை ஒண்ணும் தெரியல, ஆனா சாணி எல்லாம் ஒரே கோட்டுல உங்களைக் காட்டுது" என்றான். அதற்கப்புறம்தான் மேலிடத்துக்குப் புத்தி வந்தது என்று நினைக்கிறேன். இனிக் குதிரை கிடையாது, எல்லாம் மோட்டார் என்று உத்தரவு வந்தது.

முதலில் ஆறு வண்டிகள் வந்து இறங்கின. தகரப் பெட்டிக்கு இரும்புச் சங்கிலி மாட்டினதுபோல இருந்தன. எங்கள் ஆள் ஒருத்தன் ஓடைக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, அது தண்ணீர் குடிக்கட்டும் என்று பத்து நிமிஷம் காத்திருந்தான். காவல் முறைக்காரர்கள் சாயங்காலம் ஆறு வண்டிகளையும் குதிரைகளுக்குப் பக்கத்தில் அதே நீளக் கயிற்றில் கட்டிப் போட்டார்கள். எதையும் அவிழ்த்து விடக் கூடாது என்பது படையின் விதி, அதில் வண்டிக்கு விலக்கு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. காலையில் சார்ஜன்ட் அந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, "நாலாவது வண்டி முடிச்சு தளர்வா இருக்கு" என்று கடிந்துகொண்டார்.

சிரிப்பு அதோடு சரி. மறுநாள் குதிரைகளைப் பற்றிய உத்தரவைப் படித்தார்கள். மேஜர் பெட்டிஃபர் எல்லாக் குதிரையையும் சோதிப்பார். தேறிய குதிரைகளைப் படை எடுத்துக்கொண்டு வடக்கே சுமை தூக்க அனுப்பும். தேறாதவை சொந்தக்காரனோடு வீட்டுக்குப் போகலாம்.

வடக்கே காடும் சேறும் காய்ச்சலும். அங்கே போன குதிரை திரும்பாது என்று எல்லோருக்கும் தெரியும். என் மேடம் அங்கே எவனோ முகம் தெரியாதவனுக்கு டப்பா மாட்டிறைச்சி சுமந்து சாக வேண்டுமா? அவளை நான் விடுவதாக இல்லை. இதை வேறு எப்படியும் சொல்ல எனக்குத் தெரியாது.

வீட்டிலிருந்து ஐவி கடிதம் போட்டிருந்தாள். ஐவி என் மனைவி. பாலாடையை வெண்ணெய்த் தொழிற்சாலைக்கு வாரம் மூன்று நாள் ஆறு மைல் ஏற்றிப் போவது மேடத்தின் வண்டிதான். பெட்ரோல் பங்கீட்டில் கிடைக்கிற பெட்ரோல் விளக்குத் துடைக்கக்கூடக் காணாது. முகாம் நாளில் எதிர்வீட்டுக்காரர் குதிரையை இரவல் வாங்கிச் சமாளித்தாள். கடிதம் இரண்டே வரி. "இரவல் குதிரை கேனை உதைத்துக் கவிழ்த்துவிட்டது. மேடம் இல்லாமல் நீ வந்தால், கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொள்." அன்புள்ள என்றுகூட ஆரம்பிக்கவில்லை.

கடிதத்தை டின்னியிடம் காட்டினேன். அவன் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான்.

"கவலையை விடு மச்சான்," என்றான். "பன்னெண்டு வருஷமா நொண்டிக் குதிரையை நல்ல குதிரை ஆக்கினோம். நல்ல குதிரையை ஒரே ஒரு நாள் நொண்டி ஆக்க முடியாதா நமக்கு?"

"முடியுமா?"

"அதே வித்தைதான்டா. தலைகீழாப் பண்ணணும், அவ்வளவுதான்."

டின்னியின் குதிரை பெயர் பிஷப். கறுப்பு, உயரம், ரொம்பப் பொறுமைசாலி. எங்கள் நாலு பேர் குழுவில் சண்டை என்று வந்தால் மூன்று பேர் இறங்கி ஓடிப்போய்ச் சுட வேண்டும். நாலாவது ஆள் நாலு குதிரைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். அந்த நாலாவது ஆள் எப்போதும் டின்னிதான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஆனால் குதிரையின் மனசு அவனுக்குத் தெரிந்த மாதிரி ஆற்றங்கரையில் வேறு எவனுக்கும் தெரியாது.

சோதனைக்கு முதல் நாள் மதியம், பந்தயம் பார்க்கிறவர்கள் உட்காரும் கொட்டகைக்குப் பின்னால் போனோம். போனால் அங்கே ஏற்கனவே பாதிப் படை இருக்கிறது. ஒருத்தன் குதிரைக்கு மிளகுத்தூள் மோந்து பார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தான். குதிரைக்குப் பதில் அவனே தும்மிக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் முகாம் கடையில் வாங்கிய பீரை வாளியில் ஊற்றிக் காட்டினான். எல்லோரும் எங்களைப் பார்த்துவிட்டு, தெரியாத மாதிரி திரும்பிக்கொண்டார்கள்.

டின்னி மேடத்தின் மேலெல்லாம் அடுப்புச் சாம்பல் பூசினான். கண்ணோரம் மாவும் தேனும் கலந்து ஒழுக விட்டான். பென்சிலால் பல்லில் கோடு கிழித்து இருபது வயதாக்கினான். கடைசியாக, அவள் வாலிலிருந்தே ஒரு மயிரைப் பிடுங்கி, முன்னங்காலில் குளம்புக்கு மேலே இறுக்கிக் கட்டி, ரோமத்துக்குள் மறைத்துவிட்டான்.

"வலிக்குமாடா?" என்றேன்.

"வலிக்காது. ஒரு மாதிரி குறுகுறுன்னு இருக்கும். நீ கல்யாணத்துக்குப் போட்ட காலர் மாதிரி. அவுத்தா சரியாப் போயிடும். நடக்கவிட்டுப் பாரு."

நடத்தினேன். அடடா, என்ன நொண்டல். தலையை ஒவ்வொரு அடிக்கும் இறக்கி ஏற்றி, பெரிய வீட்டு அம்மாள் கடன்காரன் வீட்டுப் படி ஏறுவதுபோல நொண்டினாள். அதிலும் அவளை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"பல்லை இளிக்காத," என்றான் டின்னி. "நாளைக்கு அவர் முன்னாடி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்க. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். வாயைத் திறக்காத. பேசறதை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை முந்நூறு குதிரைகள் பந்தயத் திடலில் வரிசை கட்டி நின்றன. மேஜர் பெட்டிஃபர் வந்தார். ஒல்லி மனிதர், வெள்ளை மீசை, கக்கத்தில் பிரம்பு. பின்னால் குறிப்பெழுத ஒரு குமாஸ்தா. மேஜர் பேச மாட்டார்; பார்ப்பார், முனகுவார், போவார்.

"நடத்துங்க," என்றார்.

முதல் வரிசை நடந்தது. முப்பது குதிரை, முப்பதும் நொண்டின. இரண்டாவது வரிசை, அதுவும் நொண்டியது. போகும்போது இடது காலை நொண்டிய குதிரைகள் சில திரும்பி வரும்போது வலது காலை நொண்டின, ஏனென்றால் கட்டியவன் எந்தக் காலில் கட்டினோம் என்பதை மறந்து மறுபக்கமாகக் கடிவாளத்தை இழுத்துக்கொண்டிருந்தான். பீர் குடித்த குதிரை நடுவழியில் உட்கார்ந்து, உலகமே நல்ல உலகம் என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டது. ஒரே ஒருத்தனுடைய குதிரைக்கு நிஜமாகவே நொண்டல். பாவம், அந்தக் கூட்டத்தில் அதுதான் நன்றாக நடந்தது. அவன் அழாத குறை.

ஒற்றைக் கண் குதிரையின் சொந்தக்காரன் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் குருட்டுக் கண்ணை முன்பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தான். மேஜர் வந்ததும் அதன் முன்னால் கையை ஆட்டிக் காட்டினான்.

"பாருங்க சார். சுத்தமாத் தெரியாது. நேத்துதான் போச்சு."

மேஜர் நின்றார். "ஒன்பது வருஷமா அது இடது கண்ணுன்னு எனக்குத் தெரியும்ப்பா," என்றார். "இந்தப் பக்கம் இவ்வளவு அழகா இருக்கும்னுதான் தெரியாது." சொல்லிவிட்டு நடந்தார்.

இந்த மனிதர் பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்தேதான் விட்டுக்கொண்டிருந்தாரா? டின்னியைப் பார்த்தேன். அவன் ஆகாயத்தைப் பார்த்தான்.

மேஜர் வரிசைகளைச் சுற்றி முடித்துத் திடலின் நடுவில் போய் நின்றார். குதிரைகள் இருமின, தும்மின, சாய்ந்தன. ஏதோ ஆஸ்பத்திரி வாசல் மாதிரி இருந்தது.

"பன்னெண்டு வருஷம் இந்தப் படையைப் பாத்திருக்கேன்," என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "ஒரு நாள்கூட ஒரு நொண்டிக் குதிரை என் கண்ணுல பட்டதில்ல. இன்னைக்கு ஒரு நல்ல குதிரை படல. ரொம்ப வருத்தமா இருக்கு. பாவம், எல்லாம் பசியில இருக்கும்." பிறகு கொம்பு ஊதுகிறவன் பக்கம் திரும்பினார். "தீனிக்கு ஊதுப்பா."

கொம்பு ஊதுகிறவனுக்கு மட்டும் சொந்தக் குதிரை இல்லை. ஊதினான்.

தீனி ஊதல் என்றால் எங்கள் குதிரைகளுக்கு வேறு எதுவும் காதில் விழாது. பெற்ற தாயைக்கூட மறந்துவிடும். முதல் மூன்று சுரம் எழும்பினதும் முந்நூறு நொண்டிகளும் காதை நிமிர்த்தின. நாலாவது சுரத்தில் முந்நூறும் பாய்ந்தன. கடிவாளம் பிடித்திருந்தவன் கையோடு போனான், விட்டவன் பிழைத்தான். திடலின் கோடியில் ஓட்ஸ் மூட்டைகள் இருந்தன. நடுவில் அந்த ஆறு இரும்பு வண்டிகள். குதிரைகள் அவற்றைச் சுற்றிப் போகவில்லை, தாண்டிப் போயின. பீர் குடித்திருந்ததுகூட எழுந்து ஓடியது, கொஞ்சம் கோணலாக. வண்டி ஒன்றுக்குள் உட்கார்ந்திருந்த மெக்கானிக், தலைக்கு மேலே வயிறு வயிறாகப் பறந்து போவதைப் பார்த்து, மூடியை இழுத்து மூடிக்கொண்டான். இந்த யுத்தத்தில் எங்கள் படை நடத்திய கடைசிக் குதிரைப் பாய்ச்சல் அதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சாம்பல் நிறக் குதிரை. ஓடுகிற ஓட்டத்தில் சாம்பல் உதிர்ந்து செம்பழுப்பு தெரிந்தது. இரண்டு குதிரை நீளம் வித்தியாசத்தில் மேடம் முதலில் போய்ச் சேர்ந்தாள். நொண்டல் எங்கே போனது என்று கேட்காதீர்கள், அந்த மயிர் எந்தத் தாவலில் அறுந்ததோ.

"பாத்தியாடா!" என்று கத்தினேன். தொப்பியைக் கழற்றி வீசிவிட்டேன். "பாத்தியா அவளை! எவன் குதிரைடா அவளைப் பிடிக்கும்?"

மேஜர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

டின்னி தலையில் கை வைத்துக்கொண்டான். "தவளை தன் வாயால கெடும்னு உன்னைப் பாத்துத்தான்டா சொன்னாங்க," என்றான்.

மேஜர் கொட்டகை நிழலில் மேசை போடச் சொன்னார். ஒவ்வொருத்தனாகக் குதிரையைக் கழுவிக்கொண்டு வர வேண்டும். குமாஸ்தா சீட்டு எழுதினான். தேறியது, தேறியது, தேறியது. ஒருத்தனுடைய பேச்சும் எடுபடவில்லை. அந்த ஒற்றைக் கண் குதிரையும், நிஜ நொண்டியும், இன்னும் பத்துப் பதினைந்து கிழடுகளும் மட்டும் வீட்டுக்கு.

எனக்கு முன்னால் டின்னி பிஷப்போடு போனான். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். டின்னி அன்றைக்கு ஒரு மகா காவியமே பாடினான். பிஷப்புக்கு மூச்சிரைப்பு, மூட்டு வீக்கம், மாலைக்கண், தோல் அரிப்பு, ஞாபகமறதி, இடியென்றால் பயம், தண்ணீரென்றால் பயம், மேஜரைப் பார்த்தால்கூடப் பயம். பதினோரு வியாதி சொன்னான். நான் எண்ணினேன். பிஷப் அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டது.

"பதினோரு வியாதி இருக்கற குதிரை இவ்வளவு பளபளப்பா இருந்தா, வியாதியே இல்லாத குதிரை எப்படி இருக்கும்னு பாக்க ஆசையா இருக்கு," என்றார் மேஜர். "தேறியது."

டின்னி சீட்டை வாங்கவில்லை. குமாஸ்தா அதை அவன் சட்டைப் பைக்குள் செருகினான். டின்னி பிஷப்பின் கடிவாளத்தை அந்தப் பக்கம் நின்ற சிப்பாயிடம் கொடுத்தான். கொடுத்த பிறகும் விரல்கள் விடவில்லை. சிப்பாய்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தான். அடுத்து நான் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

டின்னி சொல்லிக் கொடுத்தபடி மூஞ்சியைத் தொங்கப் போட்டேன். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு. மேஜர் மேடத்தின் காலைத் தடவினார், வாயைத் திறந்து பார்த்தார், கட்டை விரலை எச்சிலில் நனைத்துப் பென்சில் கோட்டை அழித்தார். பிறகு உட்கார்ந்து குமாஸ்தாவிடம் சொன்னார்.

"எழுதிக்க. பண்ணைக் குதிரை. பெட்டை. சுமாரானது. சுமை தூக்கப் போதும். தேறி..."

"சுமாரா?" என்றேன்.

அது என் குரல்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பின்னால் டின்னி என் இடுப்புக் கச்சையைப் பிடித்து இழுத்தான். நான் நகரவில்லை.

"யாரைப் பாத்து சார் சுமார்ங்கறீங்க? இவளையா? முந்நூறு குதிரை ஓடிச்சே, எது முன்னால வந்திச்சு, பாத்தீங்கல்ல? நான் இவளுக்கு ஆறு வயசுன்னு நாலு வருஷமாப் பொய் சொன்னேன். பத்து வயசு. பத்து வயசுல இந்தப் பல்லு எந்தக் குதிரைக்கு சார் இருக்கு? இந்தக் காலைப் பாருங்க. எந்தக் காலை வேணும்னாலும் பாருங்க, நாலும் ஒண்ணை விட ஒண்ணு நல்லா இருக்கும். ஒரு நாள் இருமினதில்ல. ஒரு நாள் வேலைக்கு மாட்டேன்னு நின்னதில்ல. முப்பத்தெட்டு வெள்ளத்துல பாலாடைக் கேனோட ஆத்துல இறங்கினா, அக்கரை போய்ப் பாத்தா ஒரு சொட்டு சிந்தல. நான் குடிச்சிட்டுத் தூங்கிட்டாக்கூட வீட்டு வாசல்ல கொண்டாந்து இறக்கி விடுவா. இந்த மாகாணத்துல இவளை மாதிரி ஒருத்தி கிடையாது. எடுத்துக்கங்க. எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா சுமார்னு மட்டும் எழுதாதீங்க, சொல்லிட்டேன்."

"முடிஞ்சுதா?" என்றார் மேஜர்.

"முடியல. இவ கண்ணு..."

"போதும்."

மேஜர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து மேசையைச் சுற்றி வந்து மேடத்தின் முன்னால் நின்றார். அவள் காதுக்குப் பின்னால் மெதுவாகச் சொறிந்துவிட்டார். ரொம்ப நேரம் சொறிந்தார், பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மேடம் அவரை விலை பேசுகிற மாதிரி பார்த்தாள்.

"பன்னெண்டு வருஷத்துல இந்தப் படையில எத்தனை பேர் எங்கிட்ட குதிரையைப் புகழ்ந்திருக்காங்க தெரியுமா?" என்றார். "அதுல பாதி ரெண்டு மாசத்துல செத்துப் போச்சு. மீதி, புகழும்போதே பாதி செத்திருந்துது. அவனுங்க எல்லாம் ரெண்டு வார்த்தைதான் புகழ்ந்தாங்க. நீ மூச்சு விடாமப் புகழற. அப்படின்னா உள்ள என்ன கோளாறு இருக்குமோ, எனக்குக் கண்டுபிடிக்க நேரமில்ல." குமாஸ்தா பக்கம் திரும்பினார். "தேறவில்லை."

நியாயமாகப் பார்த்தால் நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம்.

"கோளாறா? என்ன கோளாறு? ஒரு கோளாறு காட்டுங்க பாப்போம். இன்னொரு டாக்டரைக் கூட்டிட்டு வாங்க. நான் விட மாட்டேன்..."

டின்னி என் வாயைப் பொத்தி, இன்னொரு கையால் மேடத்தின் கடிவாளத்தைப் பிடித்து, இரண்டு பேரையும் கொட்டகைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனான். வெளியே வந்த பிறகும் நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். சீட்டைக் குமாஸ்தா ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போனான். நான் அதைப் படிக்கக்கூட இல்லை. அவமானச் சீட்டை எவன் படிப்பான்? மடித்துப் பைக்குள் போட்டேன்.

கோபம் தணிய அரைமணி ஆனது. அப்புறம்தான் டின்னியைப் பார்த்தேன். வேலி மேல் உட்கார்ந்திருந்தான். தேறிய குதிரைகளை ரயிலடிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். தூசி எழுந்து அடங்கியது. எது பிஷப் என்று அவன் தேடவில்லை. அவனுக்குக் குளம்புச் சத்தத்திலேயே தெரிந்திருக்கும்.

"நானும் உண்மையைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்டா," என்றான். "தோணவே இல்ல."

நான் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது, ஆனால் எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. மேடம் வந்து அவன் மடியில் மூக்கை வைத்தாள். அவன் அவளுடைய கண்ணோரத்தில் இன்னும் ஒட்டியிருந்த தேனை விரலால் துடைத்துவிட்டான்.

குதிரையை வீட்டில் சேர்த்துவிட்டு வர எனக்கு நாலு நாள் விடுப்புக் கொடுத்தார்கள். புறப்படும்போது டின்னியை வண்டி ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து, ஒரு கம்பியை முன்னும் பின்னும் தள்ளினான். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். வண்டி போய் வேலியில் முட்டி நின்றது.

இரண்டாம் நாள் மத்தியானம் வீடு வந்து சேர்ந்தேன். ஐவி கேட்டருகிலேயே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக மேடத்திடம் போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"எப்படி விட்டாங்க? நிஜமாச் சொல்லு. திருடிட்டு வந்தியா?"

"தேறலையாம்," என்றேன். எனக்கு மறுபடியும் கொதித்தது. சீட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். "இவ தேறலையாம். அந்தாளு கண்ணுல கொள்ளி."

ஐவி சீட்டைப் பிரித்துப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள். "தேறவில்லை. காரணம்: சொந்தக்காரன் அளவுக்கு மீறிப் புகழ்கிறான்."

நான் பிடுங்கிப் பார்த்தேன். குமாஸ்தாவின் எழுத்து இல்லை. மேஜரின் எழுத்து. அந்த மனிதர் ஏமாந்துதான் எழுதினாரா, இல்லையா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஐவி தெரியும் என்கிறாள். ஆனால் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

"அப்படி என்னதான் புகழ்ந்த?" என்றாள்.

கேட்கிறாளே என்று முழுதும் சொன்னேன். புத்தி கெட்டவன். பல்லில் ஆரம்பித்து நாலு கால், வெள்ளம், பாலாடைக் கேன், ஒரு நாளும் வேலைக்கு முகம் சுளிக்காதது, குடித்தவனை வீடு கொண்டு சேர்க்கிறது, மாகாணத்திலேயே இல்லாத கண் வரைக்கும், மேஜர் கேட்காமல் விட்டதையும் சேர்த்து, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். ஐவி இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமாகி ஒன்பது வருஷம்," என்றாள். "நாப்பது மாடு. தினம் காலையில நாலு மணிக்கு நானும்தான் எழுந்திருக்கேன். வெள்ளத்துல நானும்தான் இறங்கினேன். என்னைப் பத்தி ஒரு நாளாவது, எவன்கிட்டயாவது, இதுல கால்வாசி சொல்லியிருக்கியா நீ?"

அவள் சொன்னது உண்மை. நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"உனக்கும் பல்லு நல்லாத்தான் இருக்கு, ஐவி," என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மேடத்தைக் கூட்டிக்கொண்டு ஓட்ஸ் வைக்கப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் நாற்பது மாடுகளையும் நான் ஒருவனே கறந்தேன்.